ஆயி மண்டபமும் ஒரு குடம் தண்ணியும்

இத்தாலியில சியெனான்னு ஒரு ஊர். அதோட நடுவுல சிப்பி மாதிரி விரிஞ்சு கிடக்கிற ஒரு சதுக்கம், பியாத்சா டெல் காம்போ. அங்க நடக்கிற குதிரைப் பந்தயம் உலகப் புகழ். ஆனா எனக்குப் பிடிச்சது அந்தச் சதுக்கத்தோட நீரூற்றுதான். மலைமேல இருக்கிற ஊர், பக்கத்துல ஆறு இல்லை. அதனால பூமிக்கடியில மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் வெட்டி, 1340-களில் தண்ணியைச் சதுக்கத்துக்கே கொண்டுவந்தாங்க. ஊர் பட்ட சந்தோஷத்துலதான் அந்த ஊற்றுக்கே 'காயா'ன்னு பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. காயான்னா மகிழ்ச்சி.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம பாண்டிச்சேரி பாரதி பூங்காதான் ஞாபகம் வந்துச்சு.

கிளியனூர்ல பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல பாண்டி. சின்ன வயசுல ஆயாகூட அந்தப் பூங்காவுக்குப் போவேன். நடுவுல வெள்ளை மண்டபம். "இது யார் வீடு ஆயா?"ன்னு கேட்டேன். "ஆயி மண்டபம்டா." ரொம்ப நாள் அது எங்க ஆயாவோடதுன்னே நினைச்சிட்டிருந்தேன்!

இப்போ வரலாறு. இந்தப் பகுதியிலதான் பிரெஞ்சுக்காரங்களோட கோட்டை இருந்துச்சு. 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டியைப் பிடிச்சு, கோட்டையோட சேர்த்து ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க. 1763 பாரிஸ் ஒப்பந்தப்படி ஊர் பிரெஞ்சுக்காரங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது. கோட்டையை மறுபடி எழுப்பலை. ஆளுநர் மாளிகையை மட்டும் புதுசா கட்டினாங்க. அதுக்குத்தான் பின்னாடி ராஜ்நிவாஸ்னு பேர் வந்துச்சு. அதுக்கு எதிர்ல ஒரு திறந்த சதுக்கம் உருவாச்சு.

ஆனா கடலோர ஊருக்கு நல்ல தண்ணி எங்க? மேற்கே முத்திரைப்பாளையத்துல. 19-ம் நூற்றாண்டுல, மூன்றாம் நெப்போலியன் காலத்துல (1852–1870), லாமைரெஸ்ங்கிற பொறியாளர் பொறுப்புல அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணி கொண்டுவந்தாங்க. அந்தத் தண்ணியோட நினைவாத்தான் கிரேக்க-ரோமானிய பாணியில இந்த மண்டபம் எழும்புச்சு.

சரி, ஆயி யாரு? இது வாய்வழியா வந்த கதை. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தப்போ, விளக்குகள் ஜொலிக்கிற ஒரு கட்டடத்தைக் கோவில்னு நினைச்சுக் கும்பிட்டாராம். அது ஒரு தாசியோட வீடுன்னு தெரிஞ்சதும் அவமானமாகி, இடிக்கச் சொன்னாராம். ஆயி, "நானே இடிச்சிடறேன், ஆனா இந்த இடத்துல ஜனங்களுக்குக் குளம் வெட்ட விடுங்க"ன்னு கேட்டாளாம். அந்தக் குளத்துத் தண்ணிதான் முந்நூறு வருஷம் கழிச்சு ஊர் தாகம் தீர்த்துச்சுன்னும், அதைக் கேட்ட பேரரசர் அவ பேர்லயே மண்டபம் கட்டச் சொன்னார்னும் சொல்றாங்க.

எவ்வளவு நிஜம்னு வாதாடலாம். ஆனா ஒண்ணு கவனிங்க. ஆளுநர் மாளிகைக்கு நேர் எதிர்ல, அதிகாரத்தோட மூக்குக்கு முன்னாடி நிக்கிற மண்டபத்துக்கு மக்கள் கூப்பிடற பேர் ராஜா பேர் இல்லை, தளபதி பேர் இல்லை. வீட்டை இழந்த ஒரு பெண்ணோட பேர். புதுச்சேரி அரசு சின்னத்துலயும் அதே மண்டபம்தான்.

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், அந்தப் பக்கம் தமிழர் நகரம்னு பிரிச்சு வெச்ச ஊர் இது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாகிட்ட வந்துச்சு. இன்னைக்குச் சாயந்திரம் போய்ப் பாருங்க. சிவப்புத் தொப்பி போலீஸ், சுண்டல், சறுக்குமரத்துல குழந்தைங்க, பரீட்சைக்குப் படிக்கிற பசங்க, மரத்தடியில தூங்குற தாத்தா. யாரும் யாரையும் 'நீ எந்தப் பக்கம்?'னு கேக்கறதில்லை.

கடைசியா ஒரு விஷயம். மரக்காணத்துல உப்பு விளைஞ்சா அது சோறு. அதே உப்பு நம்ம கிணத்துக்குள்ள வந்தா? எங்க வீட்டு அடிபம்புத் தண்ணி இப்போ வாயில வைக்க முடியலை, கேன் தண்ணிதான். கடலோரத்துல அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சினா உப்பு உள்ள ஏறும். மழைத்தண்ணியைத் தேக்கி நிலத்துக்குள்ள இறக்கறது ஏரியும் குளமும்தான். அதைத் தூர்த்துட்டுப் பிளாட் போடறோம்.

ஆயி வீட்டை இடிச்சுக் குளம் வெட்டினா. நாம குளத்தை மூடி வீடு கட்டறோம்.

உங்க ஊர்ல எந்தக் குளம் காணாமப் போச்சு? உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.