வீட்டு மரத்தைக் கழிக்க ‘போல் சா’ வாங்கப் போறீங்களா? பிளேடுக்கு முன்னாடி கம்பைப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு கிளை கழிக்கும் வேலை ஆரம்பித்துவிடும். பலமாகக் காற்று அடித்தால் முதலில் ஒடிவது முருங்கை. மாங்கிளை மாடி மேல் சாயும், வேப்பங்கிளை தெரு ஒயரில் உரசும்.

முன்பு இதற்கெல்லாம் மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டிய தொரட்டிதான். இப்போது ‘போல் சா’ எனப்படும் நீளக் கம்பு ரம்பம் ஹார்டுவேர் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. மரம் ஏறாமல், ஏணி போடாமல் தரையில் நின்றே அறுக்கலாம். ஆனால் தவறான கம்பை வாங்கினால் உயிருக்கே ஆபத்து. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எத்தனை வகை இருக்கிறது?

கை ரம்பம்: வளைந்த பிளேடு, நீளும் கம்பு. கீழே இழுக்கும்போது அறுக்கும். 2, 3 அங்குலக் கிளை வரை சிரமம் இல்லை. முருங்கை, கொய்யா, மாதுளை உள்ள வீட்டுக்கு இதுவே போதும்.

கயிறு இழுக்கும் கத்தரி: கட்டைவிரல் பருமன் கிளைகளுக்கு மட்டும். பல மாடல்களில் ரம்பமும் கத்தரியும் சேர்ந்தே வரும்.

பேட்டரி ரம்பம்: நுனியில் சின்ன செயின் சா இருக்கும். 5 அங்குலக் கிளையைக்கூட சீக்கிரம் அறுக்கும். ஆனால் எடை முழுவதும் நுனியில் இருப்பதால் 10 நிமிடத்தில் தோள் வலிக்கும். செயினுக்கு ஆயில் விட மறக்கக் கூடாது.

பெட்ரோல் ரம்பம்: தோப்பு வைத்திருப்பவர்களுக்கு. 2 மரம் உள்ள வீட்டுக்குத் தேவையில்லை.

எத்தனை அடி வாங்குவது?

10 அடி கம்பு வாங்கினால் உங்கள் உயரத்தையும் கூட்டி 16 அடி எட்டும் என்று நினைக்காதீர்கள். கிளைக்கு நேர் கீழே நின்று அறுத்தால் அது தலையில்தான் விழும். சற்றுத் தள்ளி நின்று, கம்பைச் சாய்வாகத்தான் பிடிக்க வேண்டும். 60 டிகிரி சாய்வில் 10 அடி கம்பு கிட்டத்தட்ட எட்டரை அடிதான் உயரும். நெஞ்சளவில் பிடித்தால் மொத்தம் 13 அடி எட்டும். கணக்கு இவ்வளவுதான்.

கம்பு நீள நீள ஆட்டமும் கூடும். கடையிலேயே முழுதாக நீட்டி, லாக்கைப் போட்டு ஆட்டிப் பாருங்கள்.

அலுமினியமா, ஃபைபர்கிளாஸா?

இதுதான் முக்கியமான கேள்வி. அலுமினியக் கம்பு எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதில் மின்சாரம் நன்றாகப் பாயும். நம் தெருக்களில் போகும் மின்கம்பிகள் பெரும்பாலும் மேலுறை இல்லாதவை. சிலவற்றில் 11,000 வோல்ட் ஓடுகிறது.

வீட்டுப் பக்கம் ஒயர் போகிறது என்றால் அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் அதுவே நல்லது. அதற்காக ஃபைபர்கிளாஸ் இருக்கிறது என்று ஒயர் அருகில் போய்விடவும் கூடாது. நனைந்தால், அழுக்குப் படிந்தால், கீறல் விழுந்தால் அதிலும் மின்சாரம் பாயலாம். ஈர மூங்கிலும் அப்படித்தான்.

அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகளில், மின்வேலைப் பயிற்சி இல்லாதவர்கள் கருவியோடு சேர்த்து ஒயரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நாமும் அதையே பின்பற்றலாம்.

தோல் கிளவுஸ் காப்பாற்றுமா?

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் பல வீடுகளில் தோல் கையுறையும் சேஃப்டி ஷூவும் இருக்கும். ‘அதைப் போட்டுக்கிட்டா ஷாக் அடிக்காது’ என்று நம்பிவிடாதீர்கள். தோல் வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மின்கம்பியில் வேலை செய்பவர்களைக் காப்பது ரப்பர் கையுறை. அதன் மேல் அவர்கள் தோல் கையுறை போடுவது ரப்பர் கிழியாமல் இருக்கத்தான். உங்கள் தோல் கிளவுஸ் சிராய்ப்புக்கு நல்லது. மின்சாரத்துக்கு அது காப்பு இல்லை.

மெயினை ஆஃப் செய்தால் போதுமா?

போதாது. மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் போகும் மின்சாரத்தைத்தான் நிறுத்தும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் அப்போதும் மின்சாரம் இருக்கும். கிளை ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் கொடுங்கள். லைனை நிறுத்திய பிறகு அவர்கள்தான் வெட்ட வேண்டும்.

எப்படி அறுப்பது?

கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பட்டை உரிந்து மரத்தில் பெரிய காயமாகும். 3 வெட்டு முறை பாதுகாப்பானது.

1. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுக்கவும்.
2. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து முழுதாக அறுக்கவும். பாரம் இறங்கிவிடும்.
3. மிச்சக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் உள்ள வீக்கத்தை விட்டு, அதற்கு வெளியே அறுக்கவும். அந்த வீக்கம்தான் காயத்தை மூடும்.

ஹெல்மெட், கண்ணாடி கட்டாயம். ஏணி மேல் நின்று போல் சா பிடிக்கவே கூடாது. மா மரத்துக்குக் காய்ப்பு முடிந்த பிறகு கவாத்து செய்வது நல்லது.

அனுமதி வேண்டுமா?

தெருவோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் அது பொது மரம். மாநகராட்சி அல்லது நகராட்சியில் கேட்டுவிட்டே வெட்ட வேண்டும். இன்னொன்று, ஜவ்வாது மலை பக்கம் பறவைகள் போட்ட விதையில் சந்தன மரம் தானாகவே முளைக்கும். அது உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

கடைக்குப் போகும் முன்...

மரத்தடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒயர் எங்கே போகிறது, கிளை எவ்வளவு பருமன், எத்தனை அடி உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 அடிக்குள் ஒயர் இருந்தால் போல் சாவே வாங்க வேண்டாம், போனை எடுங்கள். ஒயர் இல்லையென்றால் 2 அங்குலக் கிளைக்கு ஒரு கை ரம்பமே போதும், பணமும் மிச்சம்.