கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போறீங்களா? படம் எடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கங்க

பள்ளி விடுமுறை வந்தால் போதும். கைத்தொலைபேசியைத் திறந்தாலே கேமரன் மலைப் படங்கள்தான். தேயிலைச் சரிவுக்கு முன்னால் ஒன்று, ஸ்ட்ராபெரிக் கூடையுடன் ஒன்று, கையில் ஆவி பறக்கும் தேநீருடன் இன்னொன்று. பயணம் முடிந்தது.

ஆனால் நீங்கள் படம் எடுக்கும் அந்தப் பச்சைச் சரிவு இயற்கையாக அமைந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு தேயிலைச் செடிகூட இல்லை, அடர்ந்த மலைக்காடுதான் இருந்தது. அந்தக் காட்டைத் தோட்டமாக்கிய கைகளில் பல தமிழ்க் கைகள். அந்தத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்தான் கண்ணில் படும்.

கேமரன் மலை எங்கே இருக்கிறது?

மலேசியாவின் பாஹாங் மாநிலத்தில், அதன் வடமேற்கு மூலையில். பேராக், கிளந்தான் இரண்டும் பக்கத்து மாநிலங்கள். வேடிக்கை என்னவென்றால், பாஹாங்கில் இருந்தாலும் பெரும்பாலோர் பேராக் வழியாகத்தான் ஏறுகிறார்கள். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை ஒன்று. ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் அகலமான புதிய சாலை மற்றொன்று. வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தாப்பா வழியாக ஏறினால் முதலில் ரிங்லெட், பிறகு தானா ராத்தா, பிறகு பிரிஞ்சாங், அதையும் தாண்டினால் கியா ஃபார்ம் சந்தை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். பகலில் இதமாக இருக்கும். இரவில் 15 டிகிரி வாக்கில் இறங்கும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது குளிர்தான், ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

யார் அந்தக் கேமரன்?

வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர். 1885-ல் இந்தப் பகுதியை அளக்க வந்தார். மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சரியாகக் குறித்து வைக்கவில்லை. 1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி வந்து பார்த்த பிறகே, இதை மலைவாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது.

'கண்டுபிடித்தார்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். செமாய் போன்ற ஓராங் அஸ்லி மக்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இன்னும் வாழ்கிறார்கள். 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி ராம்லி முகமது நோரைத் தேர்ந்தெடுத்தது. மலேசிய நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி அவர். அதற்கு முன் அந்தத் தொகுதியில் வென்றவர்கள் ம.இ.கா-வின் தமிழ் வேட்பாளர்கள். ஒரு சின்ன மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

தேயிலை எப்படி வந்தது?

1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை வளர்த்து அனுபவப்பட்ட ஏ.பி. மில்ன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். ('போ' என்றால் போகச் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. சீனாவில் கறுப்புத் தேயிலைக்குப் பெயர்பெற்ற பொஹியா மலையின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.) அந்த ஆண்டின் இறுதியில்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து உலகமே பொருளாதார வீழ்ச்சியில் விழுந்தது. மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அந்த நேரத்தில் செங்குத்தான மலையில் காட்டை வெட்டித் தேயிலை நடுவது பெரிய சூதாட்டம்.

1933-ல் வட இந்தியாவின் ஆக்ராவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் 'பாரத்' தேயிலையைத் தொடங்கியது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில், சாலையோரமாகவே 'கேமரன் வேலி' என்ற பெயர்ப் பலகையுடன் பள்ளத்தாக்கு விரியும். அது இவர்களுடையதுதான்.

தமிழர்கள் எப்படி வந்தார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலாயாத் தோட்டத் தமிழர் என்றாலே 'ஒப்பந்தக் கூலி' என்று எழுதிவிடுகிறோம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-லேயே முடிவுக்கு வந்துவிட்டது. கேமரன் மலையில் தேயிலை வந்த காலம் கங்காணி காலம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் சொந்த ஊருக்குப் போய், தன் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகள் பணம் போட்ட பொது நிதி ஒன்று ஏற்கும்.

அந்த வழியும் நீண்ட நாள் திறந்திருக்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில், பொருளாதார வீழ்ச்சியின்போது, வேலையில்லாத பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு மறுபடி ஆள் எடுத்தார்கள். 1938-ல், சம்பளக் குறைப்பை ஒட்டி எழுந்த சர்ச்சையில், உதவிப் பணத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929, கதவு மூடியது 1938. இடையில் ஒன்பதே ஆண்டுகள்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1969-க்குப் பிறகு, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமானது. நாடு முழுவதும் பல தோட்டத் தமிழர்கள், அங்கேயே வாழ்நாளைக் கழித்திருந்தும், கையில் காகிதம் இல்லாததால் தமிழ்நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாத்தா அந்தப் பக்கம், பேரன் இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தது அப்படித்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மலேசியத் தோட்டத்திலிருந்து வந்தவர்களா? கேட்டுப் பாருங்க.

சரி, எதைப் பார்ப்பது?

நேரம் குறைவு என்றால் சுங்கை பாலாஸ் போங்கள். பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் குறுகிய சாலையிலிருந்து பிரியும் வழி. அங்கே போ நிறுவனத்தின் தேநீர் மையம் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாரும் எடுக்கும் படம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. கூட்டம் வேண்டாம் என்றால், ஹாபுவிலிருந்து உள்ளே போகும் பழைய போ தோட்டம் இன்னும் அமைதி. திங்கட்கிழமைகளில் மையங்கள் மூடியிருப்பது வழக்கம், கிளம்பும் முன் பார்த்துக்கங்க.

தொழிற்சாலைக்குள் போனால் முதலில் மூக்குத்தான் விழித்துக்கொள்ளும். பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட வைப்பார்கள். வாடியதை இயந்திரம் உருட்டிக் கசக்கும். கசங்கிய இலை காற்று பட்டுச் செம்பு நிறமாகும். தேநீரின் நிறமும் மணமும் பிறப்பது அந்தக் கட்டத்தில்தான். பிறகு சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தேயிலைத் தூள்.

இப்போது, பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி. சுங்கை பாலாஸ் போகும் வழியில் வரிசை வீடுகள் தெரியும். அவைதான் லயங்கள். பக்கத்திலேயே கோயில், பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி. லயம், கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, எழுதும் கிராணி, மேலாளரான துரை... இந்தச் சொற்களில் பலவற்றை இலங்கை மலையகத்திலும் கேட்கலாம். 'லயம்' ஆங்கில 'லைன்' என்பதிலிருந்து வந்தது, 'பெரட்டு' 'பரேட்' என்பதிலிருந்து என்பார்கள். ஆங்கிலத் துரையின் கட்டளையைத் தமிழ் நாக்கு எப்படி வளைத்துக்கொண்டது பாருங்க!

பிரிஞ்சாங் ஊரில் முருகன் கோயில் இருக்கிறது. மலை என்றால் முருகன் இல்லாமலா? தானா ராத்தாவில் தோசையும் தே தாரேக்கும் கிடைக்கும் தமிழ்க் கடைகளும் உண்டு. காலையில் அங்கே பசியாறிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பலாம். காலை வெயில் சரிவில் சாயும் நேரம்தான் பார்க்கவும் அழகு.

இப்போது கொழுந்து பறிப்பது யார்?

கூடையை முதுகில் மாட்டி, ரெண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளும் பெண்கள்... அந்தக் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கைக்குப் பதில் பெட்டி வைத்த கத்தரிக்கோல் வந்தது. பிறகு இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிப்போகும் இயந்திரம் வந்தது. செடிகள் மேசை மாதிரி சமமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிடிக்கும் கைகளும் மாறிவிட்டன. தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும், ஏன் சிங்கப்பூருக்கும்கூட வேலைக்குப் போய்விட்டார்கள். அது நல்ல செய்திதான். அவர்கள் இடத்தில் இன்று பங்ளாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் குடும்பங்கள் வெளியேறினால் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? கோயில் திருவிழாவை யார் எடுத்து நடத்துவது? லயத்தில் விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே கேட்கும் மொழி வேறாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போகும் உங்கள் தம்பி தங்கைக்கு இதே காட்சி கிடைக்குமா என்பது சந்தேகமே.

அங்கே எப்படி நடந்துகொள்வது?

லயம் காட்சிப்பொருள் அல்ல, வீடு. வாசலில் காயும் துணியையும் விளையாடும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீங்க. தமிழில் 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?' என்று கேட்டால் சிலர் சிரித்துக்கொண்டே கதையும் சொல்வார்கள். தமிழ் தெரியாதவர் என்றால் மலாயில் கேளுங்கள், 'தெரிமா காசி' சொல்ல மறக்காதீங்க. செடி வரிசைக்குள் இறங்குவது வேண்டாம். மருந்து அடித்திருக்கலாம், சரிவும் வழுக்கும்.

வாரயிறுதியிலும் பொது விடுமுறையிலும் கியா ஃபார்ம் பக்கம் கார்கள் நகராது. முடிந்தால் வார நாளில் போங்கள்.

மலைக்கு ஏதாவது ஆபத்தா?

சரிவுகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது பனி அல்ல, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். அதற்காகக் காடு வெட்டப்படும்போது மண் பிடிமானம் இழந்து ஆற்றில் இறங்குகிறது. 1960-களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரி இப்படி வந்த சேற்றால் தூர்ந்துபோனது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. சாலையில் போகும்போது ஏரி கலங்கிய பழுப்பு நிறத்தில் தெரிந்தால் காரணம் இதுதான். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மலையேறுங்கள்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

சுங்கை பாலாஸுக்குத் திரும்பும் அதே சாலையில் மேலே ஏறினால் 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை. அங்கே மேகம் மரங்களுக்குள் நுழைந்து போகும் பாசிக்காடு. தோட்டம் வரும் முன் இந்த மலை எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த இடம் இல்லை. தானா ராத்தாவுக்கு ஒரு மர்மக் கதையும் உண்டு. தாய்லாந்துப் பட்டைப் புகழ்பெறச் செய்த ஜிம் தாம்ப்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவிலிருந்து வெளியே போனார், திரும்பவே இல்லை.

இறங்கும்போது சிம்பாங் பூலாய் வழியைத் தேர்ந்தெடுத்தால் பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டையைப் பார்த்துவிடலாம். பெயர்தான் கோட்டை. எந்தப் படையும் அதை முற்றுகையிட்டதில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி தன் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-ல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது.

கட்டுமானத்துக்கு அவர் அழைத்து வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பலரை அக்காலத்து ஸ்பானியக் காய்ச்சல் பலிகொண்டது. உயிரோடு இருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். கெல்லி கட்டிக் கொடுத்தார். கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி அந்தக் கோயில் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை, ஓட்டுநரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் கூரையைக் கவனமாகப் பாருங்க. சாமி சிலைகளுக்கு நடுவே, தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு கெல்லி துரையும் நிற்பார்.