எல்லை கடந்த எழுத்து: நா. கோவிந்தசாமியின் இணையத் தொண்டு

காரைக்காலுக்கு வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைக் கடந்தாலும் தமிழ்நாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறி மீண்டு, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சியின்கீழ் வந்த இச்சிறு நிலப்பரப்பில், மொழி ஒன்று, ஆணை வேறு என்பது மக்கள் நாள்தோறும் காணும் உண்மை. சென்னையில் பிறக்கும் ஆணை வாஞ்சூரோடு நின்றுவிடும், தமிழ் நிற்பதில்லை. நா. கோவிந்தசாமியின் தொண்டினை இவ்வூர்க் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க இதனினும் தக்க தொடக்கம் இல்லை. அவர் காரைக்காலைச் சார்ந்தவர் அல்லர். 1946இல் பிறந்து 1999இல் மறைந்த சிங்கப்பூர் எழுத்தாளர். ஆயினும், காரைக்காலில் ஒருவர் எழுதும் கவிதை யாழ்ப்பாணத்திலும் பாரிசிலும் எழுத்துச் சிதையாமல் திறக்கிறதெனில், அதற்கு வழிகோலிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

கோவிந்தசாமி பொறியாளர் அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். சிறுகதையாசிரியர், பள்ளியாசிரியராகத் தொடங்கி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். 1970களின் பிற்பகுதியில் 'இலக்கியக் களம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, சிங்கப்பூரில் வெளிவந்த சிறுகதைகளைத் திறனாய்வு செய்யும் மரபை வளர்த்தார். இலக்கிய வட்டம் நடத்தியவர்களுக்கு அதன் பாடு தெரியும்: அழைப்பு அனுப்புவது, நாற்காலி எடுத்துப் போடுவது, மனக்கசப்புகளைத் தீர்த்து வைப்பது. பின்னாளில் அவர் ஆற்றிய இணையத் தொண்டும் இவ்வகையதே. கருவி மட்டும் மாறியது.

1995 அக்டோபரில், 1984 முதல் அதுவரையிலான சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டது. அதனைத் தொடங்கி வைத்தவர் அந்நாட்டின் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங். கோவிந்தசாமி, தான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரின் கூட்டுழைப்பால் அதில் தமிழும் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று இது. அன்று ஏறியது விளம்பரமோ அரசு அறிவிக்கையோ அன்று, கவிதை. கவிஞர்கள் இதனைச் சற்றே பெருமிதத்தோடு நினைவில் கொள்ளலாம்.

ஏற்றுவது எளிது, பிறர் படிப்பது அரிது. அக்காலக் கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே அறியும். கிடைத்தவை 256 இடங்கள். அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய 128 இடங்களுக்குள் 247 எழுத்துகளை அடக்க வேண்டிய நிலையில், எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்ணிட்டனர். ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றவர் வேறொன்றை வைத்தார். டொராண்டோவில் எழுதிய மடல் சென்னையில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் திறந்தது. ஒரே மொழியை எழுதியவர்கள் ஒருவர்க்கொருவர் எழுத்தறியாதவர் ஆயினர். மேலும், ஒவ்வொரு குறியீட்டின் பின்னும் ஒரு மென்பொருளும் பல ஆண்டு உழைப்பும் இருந்தமையால், விட்டுக்கொடுப்பது எளிதாயில்லை.

விசைப்பலகையிலும் இதே குழப்பம். (தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து இரா. முத்தையாவும் மலாயா, சிங்கப்பூர் மண்ணில் வாழ்ந்தவரே. எழுதுகருவிக்கும் அம்மண்ணுக்கும் பழைய உறவு.) தட்டச்சுப் பொறி எழுத்தின் வரிவடிவத்தைத் துண்டுகளாக்கித் தந்தது, கொம்பும் காலும் தனித்தனி விசைகள். கோவிந்தசாமியின் 'கணியன்' விசைப்பலகையோ, மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கண நெறியைப் பற்றியது. ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய தேர்வு அது. குழந்தைக்குக் கற்பிக்கும் முறையிலேயே கணினிக்கும் கற்பித்தார்.

இவ்வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் யாருக்கு? தமிழ் நான்கு நாடுகளில் ஆட்சியிலோ கல்வியிலோ இடம்பெற்ற மொழி. எந்த ஓர் அரசும் அனைவர்க்குமாக ஆணையிட இயலாது. ஆகவே தன்னார்வலர்கள் கூடினர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் கோவிந்தசாமி ஒருவர். சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோரும் அக்காலத்தே இப்பணியில் ஈடுபட்டவர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' நிகழ்ந்தது.

அவ்வாண்டு மே 26ஆம் நாள் கோவிந்தசாமி மறைந்தார். சில வாரங்களில், ஜூன் மாதம், 'தமிழ் 99' விசைப்பலகையைத் தரமாக்கித் தமிழ்நாடு அரசின் ஆணை வெளிவந்தது. உயிர் இடப்புறம், மெய் பெரும்பாலும் வலப்புறம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். அவர் வலியுறுத்திய ஒலிநெறியே அதிலும் ஆளக் காணலாம்.

அவ்வாணை காரைக்காலைக் கட்டுப்படுத்தாது, சிங்கப்பூரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் இரு ஊர்களிலும் பலர் அம்முறையில் தட்டுகின்றனர். பல நாட்டார் கூடிப் பேசிக் கண்ட இசைவு ஆணைக்கு முன்பே இருந்ததால்தான் இது நிகழ்ந்தது.

ஒரு படைப்பாளியின் முதிர்ந்த ஆண்டுகள் குறியீட்டு அட்டவணைகளிலும் குழுக் கூட்டங்களிலும் கழிந்தமை இலக்கியத்துக்கு இழப்பன்றோ என வினவுவார் உண்டு. இழப்பே, மறுப்பதற்கில்லை. எழுதப்படாத கதைகளை எவரும் கணக்கிட இயலாது. சிறுகதை வரலாறு எழுதுவோர் அவருடைய விசைப்பலகையை அடிக்குறிப்பாக்குவதும், கணினித் தமிழ் வரலாறு எழுதுவோர் அவருடைய கதைகளை மறப்பதும் அவ்விழப்பை இருமடங்காக்குகின்றன.

அவர் மறைந்து பதினான்கு மாதங்களில், 2000 ஜூலையில், சிங்கப்பூரிலேயே 'உத்தமம்' அமைப்பு தோன்றியது. எண்ணிடல் வழக்கினை யூனிகோடு மெல்லத் தீர்த்தது. 1991 முதலே அதில் தமிழுக்கு இடமிருப்பினும், தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இதற்கிடையே, காரைக்காலிலிருந்து இதே கடற்கரையில் தெற்கே அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர்தம்பி, 'தேனீ' என்னும் யூனிகோடு எழுத்துருவை இலவசமாக வழங்கி, 2006இல் மறைந்தார்.

கோவிந்தசாமியோடு உழைத்த தான் டின் வீ, 1998 அளவில் ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் இணைய முகவரி அமையும் வழியைச் சோதித்தார். அவ்வழி உலகத் தரமாக வளர்ந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே முகவரியின் ஈறாக ஏறின. கோவிந்தசாமியின் நாடு அங்கே '.சிங்கப்பூர்' என்று எழுதப்பட்டிருக்கிறது.