எங்கள் வீட்டு இம்பூறல் பாத்தி

சென்ற தை மாதம், வீட்டு வேலைக்கு வரும் அம்மா பின்பக்கத் தோட்டத்தைப் பெருக்கும்போது, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பாத்தியைக் களை என்று நினைத்துப் பாதிக்கு மேல் பிடுங்கிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் களைதான். நான் போய்க் குப்பையிலிருந்து ஒரு வேரை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே ஆரஞ்சு நிறம். வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துத் தடவியதும் சிவந்தது. "இதுக்குள்ள இவ்வளவு சாயமா ஐயா!" என்று அந்த அம்மா அசந்துபோனார். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செடியின் பெயர் இம்பூறல். சாயவேர் என்றும் சொல்வார்கள். தரையை ஒட்டிப் படரும், ஊசி போன்ற இலை, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும். 1753-இல் லின்னேயஸ் இதற்கு ஓல்டன்லாந்தியா அம்பெல்லாட்டா என்று பெயர் வைத்தார். ஓல்டன்லாந்து என்பவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் செடிகள் சேகரித்தவர். நம் கடற்கரை மணலில் விளைந்த செடி அவர் பெயரைச் சுமக்கிறது. காப்பிச் செடியும் நம் வெட்சியும் இதற்கு ஒரே குடும்பத்து உறவு.

எங்கள் ஆயாவுக்குச் சொந்த ஊர் பாகூர் கொம்யூனில், மணப்பட்டுப் பக்கம். இருமினால் இம்பூறலைத்தான் தேடுவார். சளியில் ரத்தம் கண்டால் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் மருந்தும் இதுதான். சிறு வயதில் சவுக்குத் தோப்பு மணலில் நடந்தால் காலடியில் கிடந்த செடி. ஆனால் அந்த வேரிலிருந்து சாயம் எடுத்தார்கள் என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கே அது தெரியாமல் போயிருக்க வேண்டும்.

எனக்கு அது தெரிந்தது ஒரு பிரெஞ்சுக் கடிதத்தால். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பிறகு முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பிரெஞ்சைத் தூசி தட்டினேன். அப்போது கண்ணில் பட்டது, கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1742 சனவரி 18-ஆம் தேதி எழுதிய கடிதம். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் அவர். 1779-இல் புதுச்சேரியில்தான் காலமானார்.

அந்தக் கடிதம் முழுக்கச் சித்திரத் துணி செய்யும் முறை. கோராத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்த வேண்டும். பால் போடுவதால் மை துணியில் பரவாது. இரும்பை ஊறவைத்த புளித்த நீரால் கறுப்புக் கோடுகள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் வரைய வேண்டும். பிறகு சாயவேர்த் தூளைப் போட்டுத் துணியைக் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தை வெளுத்து எடுத்துவிடலாம். பிடித்த சிவப்பு எத்தனை வெளுப்புக்கும் போகாது.

பாதிரியார் இதை எங்கே கற்றார்? புதிதாகக் கிறிஸ்தவர்களான சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1734 வாக்கில், பொலியே என்ற கப்பல் அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்களின் ஒவ்வொரு கட்ட வேலையையும் குறித்து, கட்டத்துக்கு ஒரு துண்டுத் துணியையும் சேர்த்துக் கொண்டு போனார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துணித்துண்டுகளும் இன்றும் பாரீஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரான்சில் 1686 முதல் 1759 வரை இந்தச் சித்திரத் துணிக்குத் தடை. அங்கே நெசவாளர்கள் பிழைப்புக் கெடுகிறது என்று அரசர் தடுத்தார். தடை இருந்த காலத்தில்தான் இந்தக் குறிப்புகளெல்லாம் எடுக்கப்பட்டன. தடை நீங்கிய மறுவருடமே, 1760-இல், வெர்சாய் அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் அச்சுத்துணித் தொழிலைத் தொடங்கிவிட்டார். நம் சாயக்காரர் ஒருவர் பெயர்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. நாற்பது வயது வரை இதைப் படித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். இப்போது ஒன்று தோன்றுகிறது: அந்தப் பாதிரியார் எழுதாமல் போயிருந்தால் நம் கையில் அதுவும் இருந்திருக்காது.

பிறகு வந்தது வேதியியல். பிரான்சில் சிவப்புக்குக் 'கரான்ஸ்' என்ற செடியின் வேர். நம் மஞ்சிட்டிக்கு அக்கா தங்கை. அதிலும் நம் சாயவேரிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே பொருள். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டினார்கள். சில வருடங்களில் அங்கே கரான்ஸ் வயல்கள் போயின. இங்கே சாயவேர் தோண்டியவர்கள் பிழைப்பும் போயிற்று. பள்ளிப் பாடப்புத்தகத்தில் 1914-ஆம் ஆண்டு பிரெஞ்சு சொல்தாக்கள் சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போகும் படம் இருந்தது. அந்தச் சிவப்புக்கு 'கரான்ஸ்' என்றுதான் பெயர் படித்தோம். சாயம் அதற்குள் ஜெர்மனியிலிருந்து வரத் தொடங்கியிருந்தது என்பதை வாத்தியார் சொல்லவில்லை.

இனி என் பாத்திக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மணப்பட்டுப் பக்கம் போனபோது அரை நாள் தேடித்தான் நாலைந்து செடிகள் கிடைத்தன. மனையும் சாலையும் போக மிச்சம் இருந்த ஓர் ஓரத்தில். விதை தூசு மாதிரி இருக்கும், கையால் பொறுக்க முடியாது. செடியின் அடியில் உள்ள மேல்மணலைச் சுரண்டி ஒரு பையில் கொண்டுவந்தேன். வில்லியனூரில் எங்கள் வீட்டு மண் களி. ஆற்று மணல் இரண்டு கூடை கொட்டிப் பாத்தி கட்டினேன். ஆவணியில் தூவியது ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு போயிற்று. நல்லவேளை, கொஞ்சம் மணல் மிச்சம் வைத்திருந்தேன். மழை விட்ட மார்கழியில் அதைத் தூவினேன், மூடவில்லை. பூவாளியால் லேசாகத் தண்ணீர். முளைத்தது.

பூ பார்க்க ஒரு வருடம் போதும். வேரில் சாயம் நன்றாக ஏற இரண்டு வருடம் ஆகும். தோட்டத்தில் வளர்த்த வேர் ஒன்றிரண்டு அடி நீளம் போனாலும், தானாக முளைத்த குட்டை வேரில்தான் கால் பங்கு கூடுதல் சாயம் என்று ராக்ஸ்பர்க், கோரமண்டல் கடற்கரைச் செடிகள் பற்றிய தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதன் முதல் தொகுதி 1795-இல் வரத் தொடங்கியது. சாயம் வேண்டுமென்றால் செடியைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். அதனால் நான் இதுவரை ஒன்றையும் தோண்டவில்லை. அந்த அம்மா பிடுங்கியதுதான் எனக்குக் கிடைத்த சாயம். காயவைத்து இடித்து, படிகாரத்தில் நனைத்த பழைய வேட்டித் துண்டில் காய்ச்சினேன். கடையில் விற்கும் சிவப்பு இல்லை, செங்கல் நிறம். நாலு முறை துவைத்தும் போகவில்லை. மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

மகள் பின்பக்கம் முழுதும் சிமென்ட் கல் பதிக்க வேண்டும் என்கிறாள். மழைக்காலத்தில் வழுக்குகிறது, எனக்கும் வயது ஆகிறது, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாத்திக்கு மட்டும் மூன்றடிக்கு நாலடி விட்டுவிடும்படி கேட்டிருக்கிறேன். சரி என்றாள். மிச்சமிருந்த செடிகள் மறுபடி பூத்திருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் மேல்மணலைச் சுரண்டி இரண்டு பொட்டலம் கட்டப் போகிறேன். ஒன்று மணப்பட்டு மணலுக்கே திரும்பும். மற்றது, மணல் பாங்கான இடமும் பொறுமையும் உள்ள யாராவது கேட்டால் அவர்களுக்கு.