பதிவேட்டிலிருந்து பொது நாட்காட்டிக்கு

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே இரண்டு ஏடுகள் இருக்கும். யார், எதன் பொருட்டு, எந்நாளில், எம்மணிக்கு வருகிறார் என்பதைக் குறித்து வைப்பது பதிவேடு. அவற்றுள் பிறரும் அறிய வேண்டியவற்றை யாவரும் பார்க்குமாறு காட்டுவது பொது நாட்காட்டி. முன்னதைப் பார்த்துப் பின்னதில் எழுதுவது நெடுங்காலம் எழுத்தரின் பணியாக இருந்தது. பள்ளி அலுவலகத்தில் சுவர்ப் பலகையையும் சுண்ணக்கட்டியையும் கையாண்ட ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். இப்பணி கணினியின் கைக்குச் சென்றபொழுது, வெறும் படியெடுப்பு என்று எண்ணப்பட்டது அவ்வாறன்று என்பது புலனாயிற்று. அதனை ஒழுங்குபடுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கதை பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தார். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் பிறவற்றினின்று பிரித்தறிய ஒரு திறவுகோல் வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படைகளுள் ஒன்று. மாணவர் பதிவேட்டில் ஒரே பெயருடைய இருவரைப் பதிவெண்ணால் வேறுபடுத்துகிறோம் அல்லவா? அதனைப் போன்றதே இது.

நாட்காட்டி வேறு வழியில் வளர்ந்தது. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'புரோப்ஸ்' என்னும் அலுவலக அமைப்பில், ஒருவர் தம் மேசையில் இருந்தவாறே உடன் பணியாற்றுவோரின் நாட்காட்டியைக் காண முடிந்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் தத்தம் நாட்காட்டிகளைச் செய்தன. ஆயினும் ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்கவியலவில்லை. 1996இல் ஆப்பிள், ஏ.டி. அண்டு டி., ஐ.பி.எம்., சீமன்ஸ் ஆகிய நான்கும் கூடியமைத்த குழு 'விகாலண்டர்' என்னும் பொது வடிவத்தை வெளியிட்டது. அதனைத் தழுவி, 1998 நவம்பரில் 'ஐகாலண்டர்' என்னும் இணைய நெறிமுறை வந்தது. 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. இன்று பெரும்பாலான நாட்காட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி இதுவே.

அம்மொழி தீர்க்க வேண்டியிருந்த முதற் சிக்கல் அடையாளம் பற்றியது. செவ்வாய்க்கிழமைப் பெற்றோர் கூட்டம் வியாழனுக்கு மாற்றப்படுகிறது எனக் கொள்வோம். எழுத்தர் பழையதை அழித்துப் புதியதை எழுதுவார். இரண்டும் ஒரே கூட்டம் என்பது அவருக்குத் தெரியும். இயந்திரத்திற்கு அது தெரியாது. பதிவேட்டை மறுமுறை அனுப்பினால், செவ்வாயிலும் வியாழனிலும் ஒவ்வொரு கூட்டத்தைக் காட்டி நிற்கும். பெற்றோரில் பாதிப்பேர் ஒரு நாளும் எஞ்சியோர் மறுநாளுமாக வந்து நிற்பர்! ஆகவேதான் ஒவ்வொரு சந்திப்பிற்கும் உலகில் வேறெதற்கும் அமையாத அடையாளக் குறி ஒன்று இருத்தல் வேண்டும் என்று நெறிமுறை விதித்தது. திருத்தத்தின் வரிசையைக் காட்ட ஓர் எண்ணும் சேர்ந்தது. அடையாளம் ஒன்றாயிருந்து திருத்த எண் உயர்ந்திருந்தால், வந்திருப்பது புதிய சந்திப்பன்று; பழையதன் மாற்றமே. பதிவேட்டின் திறவுகோலைக் கொண்டே இவ்வடையாளத்தை அமைத்துவிட்டால், எத்தனை முறை அனுப்பினும் இரட்டிக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஓர் அடையாளம் கொடுப்பதே பலரும் செய்யும் பிழை.

நீக்கம் இதனினும் நுட்பமானது. பதிவேட்டிலிருந்து ஒரு வரிசையை அழித்துவிட்டால், அது போய்விட்டது என்று நாட்காட்டிக்குச் சொல்ல எவரும் இல்லை. எனவே, அதே அடையாளத்துடன் 'இது கைவிடப்பட்டது' என்னும் செய்தி தனியே செல்ல வேண்டும். இல்லாத கூட்டத்திற்கு ஆள் வருவது பெரும்பாலும் இதனாலேயே.

இரண்டாம் சிக்கல் நேரம். இதனை விளக்க நம் நாட்டை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் கடிகாரம் பலமுறை மாறியுள்ளது. 1905இல் அது கிரீனிச்சுக்கு 7 மணி முன்னதாக வைக்கப்பட்டது. 1933இல் 7 மணி 20 நிமிடமாகவும், 1941இல் 7 மணி 30 நிமிடமாகவும் ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமாகிய 9 மணி நடைமுறைக்கு வந்து, 1945இல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பியது. 1982 சனவரி முதல் நாளில், சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒத்திருக்கும்பொருட்டுத் தீபகற்பம் 8 மணியை ஏற்றது; சிங்கப்பூரும் உடன் சென்றது. 1981 டிசம்பரில் கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு நடந்த ஒரு கூட்டம், கிரீனிச் கணக்கில் பதியப்பட்டிருந்தால் 1.30 என்றிருக்கும். அதனுடன் இன்றைய 8 மணியைக் கண்மூடிக் கூட்டும் கணினி அக்கூட்டத்தை 9.30க்கு நடந்ததாகக் காட்டும்.

எதிர்காலச் சந்திப்புகளில் இத்தொல்லை இன்னும் பெரிது. அமெரிக்கா 2005இல் இயற்றிய சட்டத்தால், 2007இல் அங்குக் கோடைக்கால நேரம் மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கியது. பழைய விதிப்படி கிரீனிச் நேரமாக மாற்றிச் சேமிக்கப்பட்டிருந்த அவ்வாரங்களின் சந்திப்புகள், புதிய விதி புகுந்ததும் ஒரு மணி பிந்திக் காட்டின. அவற்றைச் சரிசெய்ய மைக்ரோசாப்ட் தனிக்கருவியே வெளியிட வேண்டியதாயிற்று. '9 மணி, நியூயார்க்' என்று இடத்தோடு எழுதி வைத்திருந்தால், புதிய விதிப்பட்டியல் வந்ததும் கணக்குத் தானே திருந்தியிருக்கும். ஐகாலண்டர் நெறிமுறை அதற்கு இடம் கொடுத்தே இருந்தது.

அவ்விதிகளை ஊர்தோறும் தொகுத்து வைத்த பெருமை ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கரைச் சாரும். 1980களில் அவர் தொடங்கிய தொகுப்பில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் தன் நூலின் தகவல்களை எடுத்தாண்டதாக வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே அதனைத் திரும்பப் பெற்றது. பிறந்த ஊரின் பழைய கடிகாரத்தைப் பற்றி நம் பஞ்சாங்கக்காரரைப் போலவே அந்நாட்டுச் சோதிடரும் கவலைப்படுகின்றனர் போலும்.

மூன்றாவது, நாகரிகம் பற்றியது. பதிவேட்டில் சந்திப்பின் காரணமும் இருக்கும்: மாணவன் ஒருவனின் குடும்பத் துயரம், ஆசிரியர் ஒருவரின் நோய். பொது நாட்காட்டியில் அது ஏறினால் அலுவலகம் முழுவதும் படிக்கும். நெறிமுறையில் 'பொது', 'தனி', 'மறை' எனக் குறிப்பதற்கு இடமுண்டு. ஆனால் அக்குறி உரியவரின் விருப்பத்தைத் தெரிவிப்பதேயன்றிப் பூட்டு அன்று. அதனை மதிப்பதும் மதியாமையும் படிக்கும் மென்பொருளைப் பொறுத்தது. ஆகவே காரணத்தைப் பதிவேட்டிலேயே நிறுத்திவிட்டு, 'தலைமையாசிரியருக்கு 10 முதல் 10.30 வரை வேலையுண்டு' என்பதை மட்டும் நாட்காட்டிக்கு அனுப்புவதே முறையாகும்.