பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு

தண்டையார்பேட்டைக்குத் தெற்கே, ராயபுரத்தைத் தாண்டினால் சென்னைத் துறைமுகம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றது. அது இங்கிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்தது. வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் கரை கண்டவர்களில் சிங்கப்பூர் செல்வோர் மறுபடி கடலில் பயணிக்க வேண்டியிருந்தது.

அந்த இரு தீவுகளின் விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தொலைவு சுமார் 600 கி.மீ.தான்!

1937-இல் வேர்ன்ஸ் நிறுவனம் கோலாலம்பூர் வழியாக இத்தடத்தில் விமானம் விட்டது. போருக்குப் பின், 1947 மே 1-இல், மலாயன் ஏர்வேஸின் ஏர்ஸ்பீட் கான்சல் விமானம் சிங்கப்பூரின் கல்லாங்கிலிருந்து ஐந்தே பயணிகளுடன் கிளம்பியது. கோலாலம்பூர், ஈப்போவில் இறங்கியேறிப் பினாங்கு போகும் தடம் அது. மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகம், நேராகப் பறந்தாலே இரண்டரை மணி நேரம் ஆகும். இன்றைய ஜெட் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்க்கிறது. ஆனால் அன்றைய மலாயாத் தோட்டக் கூலிக்கு விமானச் சீட்டு எட்டாக்கனி. மலாயாத் தமிழரின் உண்மையான பயண வரலாறு கப்பல் தளத்தில்தான் இருக்கிறது.

ரஜூலாவின் இடத்துக்கு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிர்கள் பலியாயின, அக்கப்பலின் சேவையும் நின்றது.