சாசுவதம் என்று எழுதிக் கொடுத்த வரி

ஆங்கிலத்தில் 'பெர்மனென்ட்' என்று வழங்கும் பதம் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சின் வழியாகப் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அடைந்தது. 'பெர்' என்பது முழுமையையும் 'மனேரே' என்பது தங்குதலையும் உணர்த்துவதால், முடிவு வரையில் தங்கி நிற்பது என்பதே அதன் ஆதி அர்த்தம். பெருமாளிகையைக் குறிக்கும் 'மான்ஷன்', நிலப்பிரபுவின் பண்ணையைக் குறிக்கும் 'மானர்' ஆகியவையும் அதே தாதுவிலிருந்து கிளைத்தவை. இந்த உறவை வெறும் அகராதி விநோதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏனெனில் தலைமுறை தலைமுறையாகத் தன் பண்ணையில் தங்கி அதைச் செழிக்கச் செய்யும் ஆங்கிலப் பிரபுவைப் போன்ற ஒரு வர்க்கம் வங்காளத்திலும் உருவாக வேண்டும் என்ற ஆசையோடுதான், 1793ஆம் வருஷம் மார்ச் மாதம் 22ஆம் தேதி கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அந்நாட்டின் நிலவரியைப் 'பெர்மனென்ட்' என்று பிரகடனம் செய்தார்.

1770ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் சீமையில் மூன்றில் ஒரு பங்கு காடாகிக் கிடக்கிறது என்று அவரே எழுதும் நிலை நேர்ந்தபோது, வரி உயராது என்ற உறுதி இருந்தாலன்றி யார் அக்காட்டை வெட்டித் திருத்துவார்கள் என்பது அவர் வாதம். வங்காளத்து வரிக் கணக்குகளில் பழுத்த அனுபவமுள்ள ஜான் ஷோர், அவசரப்பட்டுச் சாசுவதமாக்க வேண்டாம் என்று எச்சரித்தும் அது எடுபடவில்லை.

ஆனால் சாசுவதமானது வரித்தொகை ஒன்றுதான். வசூலில் பதினொரு பங்கில் பத்துப் பங்கைச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய ஜமீன்தார், கெடு நாளன்று சூரியன் அஸ்தமிப்பதற்குள் கஜானாவில் பணத்தைக் கட்டாவிட்டால், மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்ற எந்தச் சமாதானமும் செல்லாமல் அவருடைய நிலம் ஏலத்துக்கு வந்தது. ராஜஷாஹி, நதியா போன்ற பழம்பெரும் சமஸ்தானங்கள் இவ்வாறு சில வருஷங்களிலேயே சிதறிப் போக, கல்கத்தாவின் செல்வர்கள் அவற்றை ஏலத்தில் எடுத்தார்கள். உழுதவனுக்கோ அந்த உறுதியில் இடமே இல்லை. அவன் கொடுக்கும் வாரத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 1799ஆம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷன், பாக்கிக்காக அவனுடைய விளைச்சலையும் கால்நடையையும் கோர்ட்டுக்குப் போகாமலே ஜப்தி செய்யும் அதிகாரத்தை ஜமீன்தாருக்கு அளித்தது. ஒரு ராஜாங்கம் தன் வாக்கை யாருக்குக் கொடுத்தது என்பதைவிட யாருக்குக் கொடாமல் விட்டது என்பதையே சரித்திரக்காரன் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சென்னை ராஜதானிக்கு இவ்வேற்பாடு 1802ஆம் வருஷத்து 25ஆவது ரெகுலேஷனின் மூலம் வந்தது. நீடிப்பு என்று பொருள்படும் 'இஸ்திம்ரார்' என்ற பாரசீகப் பிரயோகத்தைத் தாங்கிய சன்னதுகளை இராமநாதபுரம், சிவகங்கை முதலிய சீமைகள் பெற்று, பேஷ்குஷ் என்னும் நிர்ணயமான வரியைக் கட்டி வந்தன. சேலத்திலும் செங்கற்பட்டிலும் சர்க்கார் நிலத்தை 'மிட்டா'க்களாகத் துண்டாக்கி ஏலம் விட்டதில், எடுத்தவர்கள் பலர் கட்ட முடியாமல் நொடித்தனர். குடியானவனோடு நேரே கணக்கு வைக்க வேண்டும் என்று கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோ வாதாடிய ரயத்துவாரி முறை 1820க்குப் பின் மற்ற இடங்களில் வேரூன்ற, எஞ்சிய ஜமீன்கள் 1948ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டம் வரும் வரையில் நின்றன.